ஸ்லாட் மெஷின் காப்புரிமையும் ‘இது யாருக்கும் தோணுமே’ என்ற வாதமும்

சூதாட்ட இயந்திரம் ஒன்றின் காப்புரிமை வழக்குக்குப் போயிருக்கிறது என்று செய்தி வந்தால் போதும், கூடவே தீர்ப்பும் வந்துவிடும்: “சக்கரத்தைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்ததற்கெல்லாமா காப்புரிமை? இது யாருக்கும் தோணுமே!” நீதிமன்றத்திலும் ஏறக்குறைய இதே வாதம்தான் நடக்கிறது. ஆனால் அங்கே ‘இது’ என்றால் எது, ‘யாருக்கும்’ என்றால் யாருக்கு, ‘தோணும்’ என்றால் எந்தத் தேதியில் என்று மூன்றையும் முதலிலேயே கட்டிப்போட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். இந்த வழக்குகள் அதிகம் நடந்த அமெரிக்காவை வைத்து அதைப் பார்ப்போம்.

### முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

காப்புரிமையைத் தாக்க அமெரிக்கச் சட்டத்தில் பல வழிகள் உண்டு. அவற்றில் மூன்றைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பிரிவு 101: இந்த வகைச் சங்கதிக்குக் காப்புரிமை தரவே முடியுமா? பிரிவு 102: இதே பொருள் முன்பே அப்படியே இருந்ததா? பிரிவு 103: அப்படியே இருந்திராவிட்டாலும், இருந்தவற்றிலிருந்து எளிதில் எட்டிவிடக்கூடியதா?

நம் பேச்சு மூன்றாவதைப் பற்றி மட்டும். ஆஸ்திரேலியாவில் அரிஸ்டோகிராட் நிறுவனத்தின் கேமிங் மெஷின் வழக்கில் 2022-ல் அந்நாட்டு ஹைகோர்ட் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) நீதிபதிகள் 3-3 எனப் பிரிந்தார்களே, அது முதல் கேள்வி. 2016-ல் அமெரிக்காவில் பிளாக்ஜாக் விதிமுறை ஒன்றுக்குக் காப்புரிமை மறுத்ததும் முதல் கேள்விதான். இந்தியச் சட்டத்திலும் இவை தனித்தனியாகவே இருக்கின்றன. விளையாட்டு விதிகளை விலக்கும் 3(எம்) பிரிவு ஒரு பக்கம். ‘துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும்’ என்னும் 2(1)(ஜேஏ) பிரிவு இன்னொரு பக்கம். ஒன்றில் தேறியது மற்றதில் தோற்கலாம்.

### ஆட்டுக்கல்லும் மோட்டாரும்

ஆட்டுக்கல் தெரியும், மின் மோட்டாரும் தெரியும். குழவியை ஒரு மோட்டாரோடு இணைத்துச் சுற்றவிடுகிறார் ஒருவர். கை செய்த வேலையை மோட்டார் செய்கிறது. வேறு எதுவும் மாறவில்லை. தெரிந்த இரண்டு பொருள்கள், ஒவ்வொன்றும் எப்போதும் செய்யும் வேலையையே செய்கின்றன, விளைவும் எதிர்பார்த்ததுதான். இதை எளிதில் தோன்றக்கூடியது என்று சொல்லிவிடலாம்.

அடுத்தவர் குழவியை நிறுத்திவைத்துவிட்டு, கல்லைச் சுற்றவிடுகிறார். நம் வீட்டு கிரைண்டர் இந்த வகைதான். இன்று பார்த்தால் இதுவும் சாதாரணம். ஆனால் காலங்காலமாகக் கல் அசையாமல் குழவி மட்டுமே சுற்றிப் பழகிய ஊரில், கிரைண்டர் என்ற ஒன்றையே பார்த்திராத மெக்கானிக் ஒருவருக்கு அது தோன்றியிருக்குமா? அவரை அந்தத் திசையில் தள்ளும் காரணம் ஏதாவது இருந்ததா? பிரிவு 103 கேட்பது இந்தக் கேள்வியைத்தான். விடையைப் பார்த்த பிறகு கணக்கு சுலபம் என்று சொல்வதைப் பின்னறிவுப் பிழை என்பார்கள். இந்த வகை வழக்குகளில் நீதிபதிகள் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான்.

### கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள்

1966-ல் கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வரிசையை வகுத்தது. இன்றும் அதுதான் அடித்தளம்.

முதலில் உரிமைக்கோரல். காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு வரும் வாக்கியங்கள் இவை. வேலியின் எல்லைக்கல் இவைதான். ஆவணத்தின் தலைப்பும் படங்களும் எதைக் காட்டினாலும், வழக்கு இந்த வாக்கியங்களின் மேல்தான். ‘இது’ என்றால் இந்த வாக்கியம்.

பிறகு முன்னறிவு. குறித்த தேதிக்கு முன் உலகுக்குத் தெரிந்திருந்த காப்புரிமைகள், கட்டுரைகள், கையேடுகள், விற்பனைக்கு வந்த இயந்திரங்கள் எல்லாம் இதில் அடங்கும். 2013 மார்ச் 16 முதலான விண்ணப்பங்களுக்கு அந்தத் தேதி விண்ணப்ப நாள். அதற்கு முந்தையவற்றுக்குக் கண்டுபிடித்த நாள்.

அடுத்து துறை அறிந்த சராசரி ஆள். இவர் கற்பனை மனிதர். துறையின் முன்னறிவு முழுவதும் இவருக்குத் தெரியும். மேதை மட்டும் கிடையாது. ஸ்லாட் மெஷின் வழக்குகளில் மின்னணு அல்லது கணினிப் பொறியியல் படித்து, சில ஆண்டுகள் இயந்திர வடிவமைப்பில் இருந்தவர் என்கிற மாதிரி வரையறுப்பார்கள். காசினோவில் ஆடுபவர் இவர் கிடையாது, நீதிபதியும் கிடையாது.

இவை மூன்றும் நிலைத்த பிறகு, முன்னறிவுக்கும் உரிமைக்கோரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, அதை அந்தச் சராசரி ஆள் தாண்டியிருப்பாரா என்று கேட்பார்கள். வணிக வெற்றி, நெடுநாள் தீராத தேவை, மற்றவர்கள் முயன்று தோற்றது போன்ற புறச் சான்றுகளும் எடுத்துக்கொள்ளப்படும்.

### நெருங்கிப் பார்க்க ஒன்று: டெல்னேஸ் காப்புரிமை

இங்கெ டெல்னேஸ் (Inge Telnaes) என்பவர் 1982 பிப்ரவரியில் விண்ணப்பித்து 1984 மே மாதம் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை எண் 4,448,419. ஸ்லாட் மெஷின் உலகில் இதைவிடப் பேசப்பட்ட ஆவணம் குறைவு. பின்னாளில் ஸ்லாட் மெஷின் தயாரிக்கும் ஐ.ஜி.டி. நிறுவனத்தின் கைக்கு வந்தது.

அது தீர்த்த சிக்கல் வெறும் பெருக்கல் கணக்கு. மூன்று ரீல் (சின்னங்கள் பொறித்த சுழல் உருளை), ஒவ்வொன்றிலும் 22 நிறுத்தங்கள் (அது வந்து நிற்கக்கூடிய இடங்கள்), ஜாக்பாட் சின்னம் ரீலுக்கு ஒன்று என்று வைப்போம். 22 × 22 × 22 = 10,648. ஆக, ஜாக்பாட் சராசரியாக 10,648 ஆட்டத்துக்கு ஒரு முறை விழும். வசூலாகும் காசு முழுவதையும் ஜாக்பாட்டுக்கே கொடுத்தாலும், ஒரு காசு ஆட்டத்துக்கு 10,648 காசுக்கு மேல் பரிசு வைத்தால் முதலாளிக்கு நஷ்டம். பெரிய பரிசு வேண்டுமென்றால் ரீலைப் பெரிதாக்க வேண்டும், அல்லது நாலாவது, ஐந்தாவது ரீல் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் ஆடுபவர் பார்த்தவுடனே ‘இதில் விழாது’ என்று நகர்ந்துவிடுவார்.

டெல்னேஸின் வழி: ரீலைத் தொடவே வேண்டாம். உள்ளே ஒரு நீளமான எண் பட்டியலை வை. பின்னாளில் இதற்கு விர்ச்சுவல் ரீல் என்று பெயர் வந்தது. உதாரணத்துக்கு 64 எண்கள். இவற்றை 22 நிறுத்தங்களுக்குப் பங்கிடு. ஜாக்பாட் நிறுத்தத்துக்கு ஒரே ஓர் எண். அதற்கு மேலும் கீழும் உள்ள இரண்டு வெற்று இடங்களுக்கு ஆறு ஆறாகப் பன்னிரண்டு. மிச்சமுள்ள 19 நிறுத்தங்களுக்கு 51 எண்கள். மென்பொருள் 64-ல் ஓர் எண்ணைச் சமவாய்ப்பாக எடுக்கும். அந்த எண்ணுக்குரிய இடத்தில் ரீல் நிற்கும். இப்போது 64 × 64 × 64 = 2,62,144. கண்ணுக்குத் தெரிவது அதே மூன்று சின்ன ரீல்கள். பரிசு மட்டும் பல மடங்கு பெருக்கலாம். ஜாக்பாட் சின்னம் கோட்டில் நிற்பதைவிடக் கோட்டுக்கு ஒரு படி மேலோ கீழோ நிற்பது, இந்தப் பங்கீட்டில், பன்னிரண்டு மடங்கு அதிகம் நடக்கும். (இது ஆடுபவரை ஏமாற்றுவதாகாதா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். வாய்ப்பு உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தோன்ற வேண்டும் என்று அந்த ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் பிரிவு 103-க்கு அதில் வேலை இல்லை.)

முதல் உரிமைக்கோரலைப் பிரித்தால் ஆறு உறுப்புகள்: குறித்த எண்ணிக்கையில் நிறுத்தங்கள் கொண்ட ரீல், அதைச் சுழற்றத் தொடங்கும் சாதனம், ரீல் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் குறிகள், நிறுத்தங்களுக்கு எண்கள் ஒதுக்கும் சாதனம், அவற்றில் ஒன்றைச் சமவாய்ப்பாக எடுக்கும் சாதனம், அந்த இடத்தில் ரீலை நிறுத்தும் சாதனம். இதில் நாலாவது உறுப்பைக் கவனியுங்கள். எண்களின் எண்ணிக்கை நிறுத்தங்களின் எண்ணிக்கையை விட அதிகமாக இருக்க வேண்டும், அதனால் சில நிறுத்தங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் வர வேண்டும் என்கிறது. மற்ற ஐந்தும் அன்றைய தொழிலில் புழங்கியவைதான். ரீலைக் கணினி சொல்லும் இடத்தில் நிறுத்துவது 1970களிலேயே தெரிந்த சங்கதி. ஆகவே மொத்தச் சண்டையும் அந்த ஒரு வரியில்.

காப்புரிமையை உடைக்க வருபவர் எப்படிக் கட்டுவார்? “ரீலே இல்லாத வீடியோ ஸ்லாட் 1976-லேயே வந்துவிட்டது. திரையில் எத்தனை நிறுத்தம் வேண்டுமானாலும் வரையலாம். எண் பட்டியலில் ஒரே விடையைப் பல முறை எழுதினால் அதன் வாய்ப்பு கூடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டையும் சேர்த்தால் டெல்னேஸ்.” கேட்க வலுவாகவே இருக்கிறது.

காப்பவர் பதில்: “நிஜ ரீல் இருக்கும் இயந்திரத்தில் ஒரு நிறுத்தத்துக்கு ஓர் எண் என்பதைத் தாண்டி யாரும் யோசிக்கவில்லை. ரீலின் உருவமே வாய்ப்பைத் தீர்மானிக்கும் என்று தொழிலே நம்பியது. பெரிய பரிசுக்கு எல்லாரும் இயந்திரத்தைத்தானே பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள்?”

டபிள்யூ.எம்.எஸ். கேமிங் எதிர் ஐ.ஜி.டி. வழக்கில் இந்தக் காப்புரிமை பெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1999 ஜூலையில் அது செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. டபிள்யூ.எம்.எஸ். நிறுவனத்தின் இயந்திரம் முதலில் பரிசுத் தொகையைத் தேர்ந்து, பிறகு அதற்கேற்ற நிறுத்தங்களைத் தேர்ந்தது. எழுத்துக்கு எழுத்து மீறல் இல்லை, ஆனால் சாரத்தில் சமம் என்பதால் மீறல்தான் என்று அதே தீர்ப்பு சொன்னது. செல்லுமா, மீறலா என்பவை இரண்டு தனிக் கேள்விகள் என்பதற்கு நல்ல உதாரணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உரிமைக்கோரலை உறுப்பு உறுப்பாகப் பிரி, பழையவற்றை அடித்துவிடு, மிஞ்சும் உறுப்பை, அல்லது அந்தச் சேர்க்கையை, அன்றைய சராசரிப் பொறியாளர் எட்டியிருப்பாரா என்று கேள்.

### 2007-க்குப் பின் மாறியது

1999-ல் பெடரல் சர்க்யூட் ஒரு கறாரான சோதனையைப் பின்பற்றிவந்தது. இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்க்க வேண்டுமென்றால், சேர்க்கச் சொல்லும் போதனையோ குறிப்போ தூண்டுதலோ எங்காவது இருந்ததாகக் காட்ட வேண்டும். அப்படி எதையும் காட்ட முடியாவிட்டால் காப்புரிமை தப்பிவிடும்.

2007 ஏப்ரல் 30 அன்று கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கறாரை ஒருமனதாக உடைத்தது. பொருள், கார் ஆக்ஸிலரேட்டர் பெடல். முன்பின் நகர்த்தக்கூடிய பெடல் பழையது. மின்னணு சென்சாரும் பழையது. பெடல் நகர்ந்தாலும் நகராத அச்சில் சென்சாரைப் பொருத்தியதுதான் உரிமைக்கோரல். சந்தையே மின்னணுப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் சேர்க்கை சராசரிப் பொறியாளருக்குத் தோன்றியே இருக்கும் என்றது நீதிமன்றம். அவரும் சாதாரண அளவு கற்பனை உள்ள மனிதர்தான், சாவி கொடுத்தால் ஆடும் பொம்மை இல்லை என்பது அதன் பார்வை. பிரச்சினை தெரிந்திருந்து, கணிக்கக்கூடிய தீர்வுகள் சிலவே இருந்தால், அவற்றில் ஒன்றை முயன்று பார்ப்பது கண்டுபிடிப்பாகாது.

சேர்க்கைகளால் வாழும் ஸ்லாட் மெஷின் தொழிலுக்கு இது பெரிய அடி. தெரிந்த ஆட்டம், தெரிந்த போனஸ், தெரிந்த திரை என்று அடுக்கும் உரிமைக்கோரல்கள் ஆட்டம் காணத் தொடங்கின. டெல்னேஸ் காப்புரிமை 2007-க்குப் பின் சோதிக்கப்பட்டிருந்தால்? தப்பியிருக்கலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் மயிரிழையில். அதைக் காப்பாற்றும் வாதம், தொழிலே வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான். அதற்கு கே.எஸ்.ஆருக்குப் பிறகும் மதிப்பு உண்டு.

### பெட்டிமேல் சக்கரம்

1996-ல் ஆங்கர் கேமிங் நிறுவனம், ஸ்லாட் மெஷினின் தலைமேல் ஒரு போனஸ் சக்கரத்தை வைத்து ‘வீல் ஆஃப் கோல்ட்’ என்று கொண்டுவந்தது. அதே ஆண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பெயரைத் தாங்கி ஐ.ஜி.டி.யின் ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ வந்து காசினோக்களை நிறைத்தது. பின்னர் ஆங்கரை ஐ.ஜி.டி. வாங்கியது. 2004-ல் சக்கரக் காப்புரிமைகளை வைத்து பாலி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகள் எளிதில் தோன்றக்கூடியவை, செல்லாது என்றது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

பொதுமக்கள் இதில் திகைப்பது ஓரிடத்தில். “அவ்வளவு ஓடிய இயந்திரம் எப்படிச் சாதாரணமானதாகும்?” வணிக வெற்றி புறச் சான்றுதான். ஆனால் வெற்றிக்கும் உரிமைக்கோரலுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். ஆடுபவர் வந்து உட்கார்ந்தது போனஸ் சக்கரம் என்ற அமைப்புக்காகவா, தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய பெயருக்காகவா, பெரிய ஜாக்பாட்டுக்காகவா? பெயரால் வந்த கூட்டத்தைக் காப்புரிமையின் கணக்கில் வரவுவைக்க முடியாது. பெயர்பெற்ற நிகழ்ச்சியின் முத்திரை ஒட்டிய இயந்திரத்துக்கு விற்பனை எண்ணிக்கையை மட்டும் காட்டும் வாதம் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகிறது.

### எங்கே வாதாடுவது, எது சொதப்பும்

இரண்டு களங்கள். நீதிமன்றத்தில், கொடுக்கப்பட்ட காப்புரிமை செல்லும் என்ற அனுமானத்தோடுதான் வழக்கு தொடங்கும். உடைக்க வருபவர் தெளிவான, நம்பத்தகுந்த சான்று காட்ட வேண்டும். இந்த உயர்ந்த அளவுகோலை 2011-ல் மைக்ரோசாஃப்ட் எதிர் ஐ4ஐ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2012 செப்டம்பர் முதல் காப்புரிமை அலுவலகத்துக்குள்ளேயே மறுஆய்வு நடக்கிறது. அங்கே அளவுகோல் தாழ்வு: எது கூடுதல் சாத்தியம் என்று காட்டினால் போதும். வழக்கு சார்பு செய்யப்பட்ட (புகார் நகல் கையில் சேர்க்கப்பட்ட) ஓராண்டுக்குள் மனுப்போட வேண்டும். ஏற்கப்பட்டால் சாதாரணமாக அடுத்த ஓராண்டுக்குள் முடிவு. தோற்றால், அங்கே எழுப்பிய வாதங்களையும் நியாயமாக எழுப்பியிருக்கக்கூடியவற்றையும் நீதிமன்றத்தில் மறுபடி எடுக்க முடியாது.

கேமிங் தொழிலுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. மறுஆய்வில் காப்புரிமைகளும் அச்சு வெளியீடுகளும் மட்டுமே முன்னறிவாகச் செல்லும். கிடங்கில் தூசி படிந்து நிற்கும் பழைய ஸ்லாட் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பயனில்லை. அதன் பராமரிப்புக் கையேடோ விளம்பரத் தாளோ அந்தக் காலத்தில் பொதுவில் கிடைத்தது என்று காட்ட முடிந்தால் அது செல்லும். இயந்திரத்தையே காட்ட வேண்டுமென்றால் நீதிமன்றம்தான். அங்கேயும் பெட்டி இருந்தால் போதாது. ரீல் எப்படி நின்றது என்பதை ஈபிராம் சிப்பில் இருந்த புரோகிராம்தான் சொல்லும். அந்த சிப் அந்த ஆண்டுக்குரியதா, பின்னால் மாற்றியதா என்ற கேள்வி உடனே வரும். “நான் அன்றே பார்த்தேன்” என்ற வாய்ச்சாட்சி மட்டும் எடுபடாது என்பது 1892-ன் முள்கம்பி வழக்கிலிருந்தே வழக்கம். கடைத்தேதி, பில், படம் என்று ஏதாவது துணை வேண்டும்.

இன்னொரு சொதப்பல், சேர்த்திருக்க முடியும் என்று மட்டும் சொல்லி நிபுணர் நிறுத்திவிடுவது. முடியும் என்பது எதற்கும் பொருந்தும். அந்த ஆள் ஏன் சேர்த்திருப்பார், சேர்த்தால் ஓடும் என்று எதை வைத்து நம்பியிருப்பார் என்று காரணம் சொல்லாத அறிக்கை பக்கம் பக்கமாக நீண்டாலும் நிற்காது.

காப்புரிமை வைத்திருப்பவர் பக்கத்துச் சொதப்பல் இதைவிட விலை உயர்ந்தது. தனக்குத் தெரிந்த முன்னறிவை அலுவலகத்திடம் மறைத்துவிட்டுப் பின்னர் வழக்குப் போட்டால், காப்புரிமை போவதோடு விஷயம் முடியாது. தானியங்கிச் சீட்டுக் கலைப்பான்கள் பற்றிய ஷஃபிள் டெக் வழக்கில், 2018-ல் சிகாகோ ஜூரி சயின்டிஃபிக் கேம்ஸ் குழுமத்துக்கு எதிராக 10.5 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. போட்டிச் சட்டத்தின்படி அது மூன்று மடங்காகி 31.5 கோடி ஆனது.

### தீர்ப்பு யாரைக் கட்டும்

தீர்ப்பு காப்புரிமை முழுவதற்கும் என்று எண்ண வேண்டாம். உரிமைக்கோரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. முதல் உரிமைக்கோரல் எளிதில் தோன்றக்கூடியது என்று விழுந்தாலும், கூடுதல் உறுப்பு ஒன்றைச் சேர்த்துக் குறுக்கி எழுதிய ஒன்பதாவது நிற்கலாம். போட்டியாளர் அதைத் தாண்டி வடிவமைக்க வேண்டியிருக்கும்.

செல்லாது என்று ஒருமுறை முடிவானால், அது எல்லாருக்கும் செல்லாததுதான். வாதாடத் தனக்கு முழு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று உரிமையாளர் காட்டினாலொழிய, அடுத்தவர் மேல் அதை வைத்து வழக்குப் போட முடியாது. இது 1971-ன் ப்ளாண்டர்-டங் தீர்ப்பு. செல்லும் என்ற முடிவுக்கு அந்தப் பலம் கிடையாது. இந்த எதிராளி, இந்தச் சான்றுகளை வைத்து உடைக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். 1999 தீர்ப்புக்குப் பிறகும், வேறொரு நிறுவனம் வேறொரு பழைய ஆவணத்தோடு டெல்னேஸ் காப்புரிமையைத் தாக்க வழி திறந்தே இருந்தது, 2002-ல் அதன் ஆயுள் முடியும்வரை.